ஆறில்லாத ஊரிலிருந்து ஒரு கேள்வி: நாகரிகம் ஆற்றங்கரையில்தான் பிறந்ததா?

செம்மண் தோட்டக்காரன் (புன்னாலைக்கட்டுவன்)

என் மகள் தரம் 6 படிக்கிறாள். போன கிழமை பின்னேரம் வரலாற்றுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தாள். நான் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தேன். நைல், யூப்ரதீஸ், தைகிரிஸ், சிந்து, மஞ்சள் ஆறு என்று உரக்க வாசித்தவள் திடீரென்று நிறுத்தி, "அப்பா, எங்களுக்கு ஆறு இல்லையே. அப்படியென்றால் நாங்கள் நாகரிகம் இல்லாத ஆட்களா?" என்று கேட்டாள்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தேன். பதில் வரவில்லை. அதற்குள் வாய்க்கால் கரை உடைத்து, நான்கு நாளுக்கு முன் நட்ட பாத்தி முழுவதும் வெள்ளம். மனைவி வந்து பார்த்துவிட்டுச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

எனக்கு உயர்தரத்தில் வரலாற்றுக்கு சாதாரண சித்திதான். ஆனால் தண்ணீர் பற்றி ஏதோ தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிணறு ஆறு வீட்டுக்குப் பொது. என் பங்கு ஆறில் ஒன்று. அதுவும் என்னுடையதல்ல, மனைவியின் சீதனத்தோடு வந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் ஆறு பரப்புத் தோட்டக்காணியை எழுதி, அதற்குக் கீழே "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" என்று எழுதியிருக்கிறது. ஆறு நாளுக்கு ஒருமுறை எங்கள் முறை. பங்குகாரர் இருவர் ஒன்பது வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. வேலித் தகராறு. ஆனால் ஒருநாள்கூட முறை தவறியதில்லை. முன்னவர் இறைத்து முடித்தால் பழைய சாக்கை மடித்துக் கட்டில் வைத்துவிட்டுப் போவார். சாக்கைக் கண்டால் பின்னவர் தண்ணீர் இறைக்கும் மிசினைப் பூட்டுவார். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருக்கும் உறவு.

இதை யோசித்தபோதுதான் எனக்குக் கேள்வி பெருத்தது. பயிர்ச்செய்கை உண்மையிலேயே பெரிய ஆற்றங்கரைகளில்தான் தொடங்கியதா? வாய்க்கால் வெட்டவேண்டி வந்ததால் அரசன் வந்தானா, அரசன் வந்து வாய்க்கால் வெட்டினானா? ஆறே இல்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆதியில் மனிதர்கள் எங்கே குடியிருந்தார்கள்? வரலாறு படித்தவர்கள், படிப்பித்தவர்கள் யாராவது எழுதினால் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் இன்னும் விடவில்லை.

நாலுமுழ வேட்டி (கொழும்புத்துறை)

"ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்" என்று ஔவைப் பாட்டி அன்றைக்கே பாடிவிட்டுப் போய்விட்டார். இதற்குமேல் என்ன ஆராய்ச்சி? எகிப்து நைல் ஆறு கொடுத்த கொடை என்று கிரேக்கரே எழுதியிருக்கிறார்கள். ஆறு இருந்த இடத்தில் பிரமிட் வந்தது. எங்களிடம் பனங்காய்ப் பணியாரம் வந்தது. சந்தோசப்படுங்கள்.

ஓட்டாஞ்சில்லி (கந்தரோடை)

தம்பி, நான் முப்பத்தொரு வருடம் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள். உங்கள் மகள் கேட்ட கேள்வியை என் வகுப்பில் எவரும் கேட்கவில்லை. கேட்காமல் போனதற்குக் குற்றம் என்மீதுதான். "நதிக்கரை நாகரிகங்கள்" என்று கரும்பலகையில் எழுதி, கீழே நான்கு ஆற்றின் பெயரையும் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.

முதல் விஷயம்: பயிர்ச்செய்கை பெரிய ஆற்றங்கரையில் தொடங்கவில்லை. அங்கே தொடங்கியது நகரம். பயிர்ச்செய்கைக்கும் நகரத்துக்கும் இடையில் சில ஆயிரம் வருட இடைவெளி இருக்கிறது. பாடப்புத்தகம் அந்த இடைவெளியை ஒரு பந்தியில் தாண்டிவிடுகிறது, பிள்ளைகளும் தாண்டிவிடுகிறார்கள். கோதுமையையும் வாற்கோதுமையையும் முதலில் வளர்த்தவர்கள் மேற்காசியாவில் மழையை நம்பிய மலையடிவாரங்களில் இருந்தார்கள். இன்றைக்குப் பதினோராயிரம் வருடங்களுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது. எரிக்கோ என்ற இடத்தைப் பாருங்கள். யோர்தான் ஆறு பக்கத்தில் ஓடினாலும் அந்த ஊரை வைத்திருந்தது ஒரு ஊற்று. கி.மு. 8000 அளவில் அங்கே எட்டு மீற்றருக்கு மேல் உயரமான கற்கோபுரம் கட்டியிருக்கிறார்கள். கீரிமலைக் கேணிக்கும் நிலாவரைக் கிணற்றுக்கும் பக்கத்தில் வாழும் நாங்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படத் தேவையில்லை. ஆறு இல்லாத இடத்தில் ஊற்று ஊரை வைத்திருக்கும்.

பிறகு ஏன் சனம் ஆற்றங்கரைக்குப் போனது? தென் மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கின் தெற்கில், வருடத்துக்கு 200 மில்லிமீற்றர் மழைகூடக் கிடையாது. மழையை நம்பினால் அங்கே ஒன்றும் விளையாது. ஆனால் வண்டல் மண் நல்ல மண். அந்த மண்ணை உபயோகிக்கத் தண்ணீரைத் திருப்ப வேண்டும். இன்றைய ஈராக்கின் கிழக்கே சோகா மாமி என்ற இடத்தில் கி.மு. 6000 அளவிலேயே வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அப்போது அங்கே அரசன் இல்லை, எழுத்து இல்லை, கோட்டை இல்லை. மண்வெட்டியும் அயலவர்களும் இருந்தார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மீதிப் பாதியில் அறிஞர்கள் அடிபட்டிருக்கிறார்கள். கார்ல் விட்ஃபோகல் என்ற ஜெர்மன் அறிஞர் 1957இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பெரிய நீர்ப்பாசனத்துக்குப் பெரிய ஆட்படை வேண்டும், ஆட்படையைக் கட்டிமேய்க்க அதிகாரிகள் வேண்டும், ஆகவே சர்வாதிகார அரசு வந்தது என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறுப்பதற்கு எங்கள் நாட்டையே உதாரணமாக எடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? எட்மண்ட் லீச் என்ற மானிடவியலாளர் 1954இல் அனுராதபுரத்துக்கு வடக்கே புல் எலிய என்ற குளத்துக் கிராமத்தில் இருந்து ஆய்வு செய்தவர். 1959இல் அவர் எழுதியதன் சாரம் இது: பெரிய குளங்களும் கால்வாய்களும் ஒரே மூச்சில் ஒரு அதிகாரி கட்டியவை அல்ல, நூற்றாண்டுக் கணக்கில் துண்டு துண்டாக வளர்ந்தவை. கிராமத்துக் குளத்தைக் கிராமமே பார்த்துக்கொண்டது. இராசதானிகள் விழுந்த பிறகும் கிராமத்துக் குளத்தில் நெல் விளைந்தது.

எகிப்தும் இப்படித்தான். வெள்ளம் வந்து நிரம்பும் பள்ளங்களை அந்தந்த ஊர்தான் கவனித்தது. ஆனாலும் அரசன் படத்தில் வருவான். ஹீரகோன்போலிஸ் என்ற இடத்தில் எடுத்த கி.மு. 3100 அளவிலான ஒரு கதாயுதத்தின் தலைப்பகுதியில் செதுக்கிய படத்தில், தேள் அரசன் என்று இப்போது அழைக்கப்படுபவன் கையில் மண்வெட்டியோடு வாய்க்கால் அருகே நிற்கிறான். அவன் வெட்டினானா என்று கேட்டால் என் பதில்: திறப்புவிழாவுக்கு வந்தவன். அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை.

குடாநாட்டைப் பற்றி நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

செம்மண் தோட்டக்காரன் (புன்னாலைக்கட்டுவன்)

ரீச்சர், மிக்க நன்றி. மகளுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். "திறப்புவிழா" என்ற இடத்தில் சிரித்தாள்.

எனக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. நைலும் ஆறு, யூப்ரதீசும் ஆறு. ஏன் எகிப்து ஒரே அரசாக நின்றது, மெசொப்பொத்தேமியா ஊருக்கு ஒரு அரசனாக அடிபட்டது? தோட்டக்காரனாக எனக்கு ஒரு சந்தேகம். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் எங்களைக் கொல்வது. வெங்காயம் கிண்டி உலர்த்தக் கட்டும் நேரத்தில் இரண்டு நாள் மழை பெய்தால் முழுப் போகமும் போய்விடும். அதே மழை நட்டு இருபது நாளில் பெய்தால் மிசினுக்கு எண்ணெய்க் காசு மிச்சம். ஆறுகளுக்கும் அப்படி ஏதும் உண்டா?

ஓட்டாஞ்சில்லி (கந்தரோடை)

இருக்கிறது. பரீட்சைக்கு வருகிற விடயமாக இருந்திருந்தால் நானும் படிப்பித்திருப்பேன்.

நைலின் வெள்ளம் எதியோப்பிய மலைகளில் பெய்யும் பருவமழையால் வருவது. ஆவணி புரட்டாசியில் உச்சம், ஐப்பசி கார்த்திகையில் வடிந்துவிடும். வடிந்த சேற்றில் விதைக்க வேண்டியதுதான் வேலை. பங்குனி சித்திரையில் அறுவடை. அதாவது ஆறு கமக்காரனைக் கேட்டு வந்ததுபோல் வருகிறது. தண்ணீரை மறித்து ஒரு மாதம் அளவில் பள்ளத்தில் தேக்கிவிட்டு, பிறகு திறந்துவிட்டால் போதும். போகும்போது மண்ணில் உள்ள உப்பையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

யூப்ரதீசும் தைகிரிசும் துருக்கி மலைகளில் பனி உருகிப் பெருகுபவை. சித்திரை வைகாசியில் பெருகும். மாரியில் விதைத்த வாற்கோதுமை கதிர் முற்றி நிற்பது அப்போதுதான். விதைப்பு நேரமான ஐப்பசியில் ஆறு வற்றிக் கிடக்கும். வேண்டும்போது இல்லை, வேண்டாதபோது வீட்டுக்குள் வருகிறது. நீங்கள் சொன்ன, வெங்காயம் உலர்த்தும் நேரத்து மழையேதான். ஆகவே அங்கே அணை வேண்டும், கரை வேண்டும், நீண்ட வாய்க்கால் வேண்டும், வருடா வருடம் வண்டல் அள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரையை ஒழுங்காகக் கட்டாத அயலவனை என்ன செய்வது என்று ஒரு முடிவு வேண்டும்.

அந்த முடிவு கல்லில் இருக்கிறது. ஹம்முராபி கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட அரசன். அவனுடைய சட்டங்களில் 53 முதல் 56 வரை முழுக்க வாய்க்கால் சமாசாரம். சோம்பலால் தன் கரையைப் பலப்படுத்தாமல் விட்டு, அது உடைத்து மற்றவர்களின் பயிர் அழிந்தால் அந்தத் தானியத்தை அவன் ஈடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் சொத்தையும் விற்று, பாதிக்கப்பட்டவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் போன கிழமை உடைத்த பாத்தி சொந்தப் பாத்தி என்பதால் தப்பினீர்கள்.

இனிக் குடாநாடு. எங்களுக்கு ஆறே இல்லை என்று சொல்லாதீர்கள், வழுக்கையாறு கோபிக்கும். தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று குளம் குளமாகத் தொட்டுக்கொண்டு வந்து அராலியில் கடனீரேரியில் சேருகிறது. மாரியில் மட்டும்தான் ஓடும். கோடையில் அதைக் கடந்து போகிறவர்களுக்கு ஆற்றைக் கடந்தோம் என்பதே தெரியாது. ஆனால் வரைபடத்தை எடுத்து, குடாநாட்டில் மிகப் பழைய குடியிருப்புகள் கண்டெடுக்கப்பட்ட இடங்களில் புள்ளி வையுங்கள். 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகக் குழு தோண்டிய கந்தரோடை அந்த ஆற்றோரம். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பெருங்கற்காலப் புதைகுழியையும் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையையும் கண்டெடுத்த ஆனைக்கோட்டை அதன் கீழ்ப்பக்கத்துக்கு அண்மையில். கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடு எங்கள் பக்கத்தில் மண் கிண்டினாலே வரும். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

ஆற்றுக்காகத்தான் வந்தார்கள் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பள்ளமான இடம், மழைநீர் தங்கும், நெல் விதைக்கலாம், கிணறோ துரவோ வெட்டினால் தண்ணீர் கிட்ட, கடலுக்கும் தூரமில்லை. எல்லாம் சேர்ந்திருக்கிறது. ஆனால் மகளிடம் "எங்களுக்கும் ஒன்று இருந்தது" என்று தைரியமாகச் சொல்லலாம்.

துருசடி (கிளிநொச்சி)

அண்ணை, ரீச்சர், இருவருக்கும் வணக்கம். நான் இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் நெல் செய்கிறவன். என் தாத்தா தீவகத்திலிருந்து இங்கே குடியேறியவர்.

நீங்கள் எழுதுவதைப் பார்த்தால், கிணற்றுக்காரர் அரசன் இல்லாமலே பங்கிட்டு வாழ்ந்த நல்லவர்கள், ஆற்றுக்காரர் அடிபிடிக்காரர் என்பதுபோல் இருக்கிறது. நான் அதை ஏற்கமாட்டேன். அண்ணை, உங்கள் ஆறு வீட்டார் பங்கிட்டது கிணற்றை. தண்ணீரை அல்ல. சாக்கு வைத்து முறை பார்க்கிறீர்கள், சரி. உங்கள் வேலிக்கு அப்பால் இருக்கிற கிணற்றுக்காரன் இரவு பகலாக இறைத்தால் அவனை எந்தச் சாக்கு மறிக்கும்? நிலத்துக்குக் கீழே எல்லோருக்கும் ஒரே தண்ணீர். கண்ணுக்குத் தெரியாததால் சண்டை வரவில்லை.

குளத்துத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். அடிக்கணக்கில் தெரியும். சிறுபோகம் தொடங்குமுன் கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் என் மூன்று ஏக்கருக்கு ஒரு ஏக்கர்கூடக் கிடைக்காது. அதுவும் என் காணியில் அல்ல, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக்குக் கிட்ட உள்ள வேறொருவர் காணியில் கிடைக்கும். என் காணி சும்மா கிடக்கும். கூட்டத்தில் சத்தம் வானைப் பிளக்கும். கதிரையும் பறந்திருக்கிறது. ஆனால் முடிவு எடுத்த பிறகு விதைப்பார்கள். ரீச்சர் சொன்ன புல் எலியப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் இதே முறைதான், "பெத்ம" என்பார்கள். குளம் வற்றினால் எல்லோருக்கும் கொஞ்சம் வற்றும், ஒருவருக்கு மட்டும் முழுதாக வற்றாது.

மேல்பக்கத்துக்காரனும் கீழ்ப்பக்கத்துக்காரனும் அடிபடுவது எங்கும் உள்ளதுதான். கி.மு. 2450 அளவில் தென் மெசொப்பொத்தேமியாவில் உம்மா, லகாஷ் என்ற இரண்டு சுமேரிய ஊர்கள் எல்லையில் உள்ள ஒரு வயல்வெளிக்காக அடிபட்டன. உம்மா வாய்க்காலின் மேல்பக்கம். லகாஷின் அரசன் எயன்னாட்டும் வென்று கல் நாட்டினான். இன்று அது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கழுகுகள் செத்தவர்களின் தலைகளைத் தூக்கிக்கொண்டு போகும். சண்டை அதோடு முடியவில்லை. தலைமுறை தாண்டி, உம்மாக்காரன் எல்லை வாய்க்காலின் தண்ணீரைத் திருப்பிவிட்டான் என்று லகாஷ்காரர் களிமண்ணில் எழுதி வைத்தார்கள். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் கூட்டக் குறிப்புப் புத்தகம் ஞாபகம் வந்தது.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுப்பது பற்றி வந்த தகராறும் உங்களுக்குத் தெரியும். அதில் எனக்கு ஒரு பக்கம் உண்டு, இங்கே இழுக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஓடுகிற இடத்தில் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்குத் தலைமை வேண்டும், தலைமை மெல்ல மெல்ல அரசாகும். விட்ஃபோகல் முழுப்பொய் சொல்லவில்லை என்பது என் கட்சி.

நாலுமுழ வேட்டி (கொழும்புத்துறை)

கதிரை பறந்ததைப் பற்றி விரிவாக எழுதவும்.

நீர்மட்டம் (ரொறன்ரோ)

ஓய்வு பெற்ற பொறியியலாளர். பிறந்தது உரும்பிராய். கிளிநொச்சித் தம்பி சொன்னது சரி. அதற்கு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன்.

குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். அதற்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த ஒரு வில்லைபோல. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும். தண்ணீரின் அடர்த்தி வித்தியாசத்தால் வரும் கணக்கு இது. திருப்பிப் பாருங்கள்: நீங்கள் இறைத்து மேலே ஓரடியை நிரந்தரமாகக் குறைத்தால், கீழே இருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரலாம். மேலே பார்க்க ஒன்றும் தெரியாது.

எங்கள் அப்பு, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் நெடுமரமான துலாவை மிதித்தவர். பூவரசு ஆடுகால் இரண்டுக்கும் நடுவில் துலா. அப்பு மேலே முன்னும் பின்னும் நடப்பார், பெரியப்பா கீழே பட்டையைக் கவிழ்ப்பார். பனையோலைப் பட்டை. விடியப்புறம் நான்கு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறமுன் கால் சோர்ந்துவிடும். அந்தச் சோர்வுதான் கிணற்றின் சட்டம். அதற்குமேல் இறைக்க முடியாது, ஆகவே உப்பும் ஏறவில்லை. எங்கள் ஊருக்கு மிசின் வந்தபோது அப்பு சந்தோசப்பட்டார். யார்தான் சந்தோசப்படமாட்டார்கள்? ஆனால் மிசினுக்குக் கால் நோகாது.

துலாவின் அண்ணன் ஒன்று உண்டு. எகிப்தியர் "ஷதூஃப்" என்பார்கள். ஒரு முனையில் வாளி, மறுமுனையில் சேற்றுக் கட்டி. மெசொப்பொத்தேமியாவின் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டு அக்காதிய முத்திரை ஒன்றிலேயே அதன் உருவம் இருக்கிறது. எகிப்தில் புதிய அரசு காலத்துக் கல்லறை ஓவியங்களில் தோட்டத்துக்கு இறைக்கிறார்கள். அங்கே சேறு செய்த வேலையை எங்கள் ஊரில் மனிதன் செய்தான். அப்புவிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உப்பு விடயத்தில் மெசொப்பொத்தேமியா எங்களுக்கு முன்னோடி. யாக்கோப்சன், அடம்ஸ் என்ற இருவர் 1958இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கி.மு. 3500 அளவில் தெற்கே கோதுமையும் வாற்கோதுமையும் ஏறத்தாழச் சமமாக விளைந்தன. பிறகு கோதுமை குறைந்து குறைந்து, கி.மு. 1700 அளவில் இல்லாமலே போனது என்றார்கள். உப்பைத் தாங்குவது வாற்கோதுமை என்பதால் மண்ணில் உப்பு ஏறியதன் அடையாளமாக அதை எடுத்தார்கள். அவர்களுடைய கணக்கைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனால் வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சி, வடிகால் இல்லாமல் விட்டு, வெயிலில் காயவிட்டால் உப்பு மேலே வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர்களுக்கு உப்பு மேலிருந்து ஊறிய தண்ணீரால் வந்தது. எங்களுக்குக் கீழிருந்து உறிஞ்சிய தண்ணீரால் வருகிறது.

பிள்ளைக்கு இன்னும் இரண்டு செய்தி. மொகெஞ்சதாரோவில் ஏறத்தாழ 700 கிணறுகள் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆப்பு வடிவச் செங்கல்லை வட்டமாக அடுக்கிக் கட்டியவை. பயிருக்கல்ல, வீட்டுக்கு. ஆனாலும் ஆற்று நாகரிகம் என்று நாங்கள் மனப்பாடம் செய்த ஊர், வாளியைக் கிணற்றில்தான் விட்டிருக்கிறது. மற்றது, வடமேற்கு இந்தியாவில் உள்ள கக்கர் ஆற்றுத் தடம். அங்கே சிந்துவெளிக் குடியிருப்புகள் ஏராளம். பெரிய ஆறு ஓடியதால்தான் அவை வந்தன என்றே நெடுநாள் நினைத்தார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வு, சட்லெஜ் ஆறு அந்தத் தடத்தை ஏறத்தாழ 8000 வருடங்களுக்கு முன்பே விட்டு விலகிவிட்டது என்று காட்டியது. நகரங்கள் வந்தது அதற்கு மூவாயிரம் வருடத்துக்கும் பிறகு. பெரிய ஆறு விட்டுப்போன பள்ளத்தில், பருவமழைக்கு மட்டும் ஓடும் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊர் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போகாத இடம் என்பதே அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கலாம்.

ரீச்சர், இதை வாசித்ததும் எனக்கு உங்கள் வழுக்கையாறு ஞாபகம் வந்தது.

ஓட்டாஞ்சில்லி (கந்தரோடை)

எனக்கும்தான். ஆனால் அளவை மறக்கவேண்டாம், பொறியியலாளர் ஐயா. கக்கர்த் தடம் பல நூறு கிலோமீற்றர். எங்கள் ஆறு சைக்கிளில் ஒரு காலையில் முடிந்துவிடும்.

துருசடித் தம்பிக்கு: கூட்டத்துக்குத் தலைமை வேண்டும் என்பது சரி. தலைமை கட்டாயம் அரசாகும் என்பதுதான் சரியில்லை. உங்கள் கூட்டத்தில் கதிரை பறந்தும் அரசன் வரவில்லையே. பாப்புவா நியூகினியில் கூக் என்ற சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே வடிகால் வெட்டிக் கிழங்கும் வாழையும் செய்தார்கள். அங்கே ஒரு அரசனும் முளைக்கவில்லை.

துருசடி (கிளிநொச்சி)

நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்து வரி எடுக்கலாம். கிழங்கைச் சேர்த்தால் அழுகிவிடும். அதனால்தான் முளைக்கவில்லை.

ரீச்சர், இதற்குப் பதில் எழுதுமுன் ஒரு தேத்தண்ணீர் குடியுங்கள்.

ஓட்டாஞ்சில்லி (கந்தரோடை)

குடித்துவிட்டேன். ஒரு புள்ளி உங்களுக்கு.

செம்மண் தோட்டக்காரன் (புன்னாலைக்கட்டுவன்)

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கும் நேரம்.

நாற்பது அடிக் கணக்கு இரண்டு இரவு நித்திரையைக் கெடுத்தது. துருசடித் தம்பி சொன்னதுபோல் வேலிக்கு அப்பால் ஒரு கிணறு உண்டு. அவர்கள் பக்கத்தில் மிசின் இரவிலும் ஓடும். அதைக் குற்றம் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு எங்கள் கிணற்றைக் கணக்குப் பார்த்தேன். துலாக் காலத்தில் ஆறு வீட்டுக்கும் முறை வைத்தது ஆட்கள் களைத்துப்போவதால். இப்போது மிசின் வைத்துக்கொண்டும் அதே முறைதான். ஆனால் தன் முறையில் எத்தனை மணித்தியாலம் இறைக்கலாம் என்று உறுதியில் எழுதவில்லை. எழுதத் தேவை இருக்கவில்லை. நான் என் முறையில் ஐந்து மணித்தியாலம் இறைக்கிறேன். மாமனார் காலத்தில் அது இரண்டரை. அதே ஆறு பரப்புத்தான்.

பங்குகாரர் ஐந்து பேரிடமும் இதைப் பற்றிப் பேசலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "பேசாத இரண்டு பேரையும் எப்படி ஒரே இடத்தில் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டாள். கிளிநொச்சிக் கூட்டத்தைவிட இது கஷ்டம். ஒருவேளை சாக்குக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கடிதம் வைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கந்தரோடைப் பக்கம் போனேன். மதகு ஒன்றில் நிறுத்தி, இதுதான் ஆறு என்று காட்டினேன். எட்டிப் பார்த்தாள். கீழே காய்ந்த மண், இரண்டு ஆடு, ஒரு பிளாஸ்டிக் கதிரைக் கால். துருசடித் தம்பியின் கதிரையாக இருக்கலாம். நான் எரிக்கோவிலிருந்து ஆனைக்கோட்டைவரை படித்ததை எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியாது. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"இந்த ஆற்றுக்கு முறை எப்போது, அப்பா?"

"மார்கழியில்."

"அப்போதும் கூட்டிக்கொண்டு வருவீர்களா?"

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ரீச்சர், அந்தப் பக்கம் வரும்போது உங்கள் வீட்டுக்கும் வரலாமா? ஓடு பார்க்கவேண்டுமாம்.

ஓட்டாஞ்சில்லி (கந்தரோடை)

வாருங்கள். பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி, மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாக்குக்காரர் இருவர் பற்றி அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.